கால் டாலரின் மதிப்பு எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் 2025 நவம்பர் 12 அன்று, புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் நாணயங்கள் அச்சிடப்பட்டன. ஒரு சென்ட் நாணயத்தை உருவாக்க 2024 நிதியாண்டில் 3.69 சென்ட் செலவானது. ஆனால், 25 சென்ட் நாணயமான கால் டாலரின் அடக்கச் செலவு சுமார் 14.7 சென்ட் மட்டுமே. ஒன்று நின்றுபோனதற்கும் மற்றொன்று நீடிப்பதற்கும் காரணம் இந்த எளிய கணக்கே. இதனைக் கற்றுக்கொள்ள அந்நாட்டுக்கு 170 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

பத்தின் அடிப்படையில் நாணய முறையை வகுத்த ஒரு நாடு, 20 சென்டை விடுத்து 25 சென்டைத் தேர்ந்தது ஏன்? அன்று அங்கே பெரிதும் புழங்கியது ஸ்பானிய வெள்ளி டாலர். அதனை எட்டுப் பங்காகக் கணக்கிடுவது மக்களின் வழக்கம். இரண்டு பங்கு சேர்ந்தால் கால் டாலர். மக்கள் பழகிய கணக்கையே 1792-ஆம் ஆண்டு நாணயச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. பின்னாளில், 1875-இல் வெளியான 20 சென்ட் நாணயம் கால் டாலரின் தோற்றத்தை ஒத்திருந்ததால் குழப்பம் விளைவித்து, சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது.

முதல் கால் டாலர் 1796-இல் வெளிவந்தது. அவ்வாண்டு அச்சான எண்ணிக்கை 6,146 மட்டுமே. மக்கள் கொண்டுவந்து கொடுக்கும் வெள்ளியையே நாணயச்சாலை நாணயமாக மாற்றித் தந்த காலம் அது. நாணயத்தின் மதிப்பு என்பது அதிலுள்ள உலோகத்தின் மதிப்பே என்று கருதப்பட்டது.

இக்கருத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. உலோகத்தின் சந்தை விலை நாணயத்தின் முகமதிப்பைத் தாண்டினால், மக்கள் அதனைச் செலவழிக்க மாட்டார்கள். பதுக்குவார்கள் அல்லது உருக்குவார்கள். கலிபோர்னியாவில் தங்கம் பெருகி, வெள்ளியின் ஒப்பீட்டு விலை உயர்ந்தபோது இதுவே நிகழ்ந்தது. 1853-இல் கால் டாலரின் எடையை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைத்து அரசு நிலைமையைச் சமாளித்தது.

1960-களில் அதே சிக்கல் பெரிதாகத் திரும்பி வந்தது. புகைப்படச் சுருள், மின்னணுத் தொழில்கள் ஆகியவற்றின் தேவையால் வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போதைய கால் டாலரின் எடை 6.25 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி. ஓர் அவுன்ஸ் வெள்ளி 1.38 டாலரைத் தாண்டினால், நாணயத்தைவிட அதிலுள்ள வெள்ளி விலை கூடியதாகிவிடும். 1.29 டாலரிலேயே விலையை நிறுத்திவைக்க, கருவூலம் தன் இருப்பிலிருந்து வெள்ளியை விற்றுக்கொண்டிருந்தது. 1965 ஜூலையில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டம் கால் டாலரிலிருந்து வெள்ளியை முற்றிலும் நீக்கியது.

இன்றைய கால் டாலரின் எடை 5.67 கிராம். நடுவில் தூய செம்பு. இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த தகடு. பழைய வெள்ளி நாணயத்தை ஏற்ற தானியங்கி விற்பனை இயந்திரங்கள் புதியதையும் ஏற்க வேண்டும் என்பதற்காகவே, மின்கடத்தும் தன்மையில் வெள்ளிக் கலவையை ஒத்த இந்த அடுக்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. தகட்டுச் சுருளிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி, சூடேற்றி மென்மையாக்கி, கழுவி, விளிம்பை உயர்த்தி, பின்னர் இரு அச்சுகளுக்கு இடையே அழுத்துகிறார்கள். அந்த அழுத்தத்திலேயே ஓரத்தில் 119 வரிகளும் பதிகின்றன. விலையுயர்ந்த உலோகத்தை ஓரத்தில் சுரண்டித் திருடுவதைத் தடுக்க வந்த வரிகள் அவை. திருட வெள்ளி இல்லாத இன்றும் அவை தொடர்கின்றன.

முகமதிப்புக்கும் அடக்கச் செலவுக்கும் உள்ள வேறுபாடு அரசுக்கு வருவாய். 1999 முதல் 2008 வரை, 50 மாநிலங்களுக்கும் தனித்தனி வடிவில் கால் டாலர்கள் வெளியிடப்பட்டன. பலர் அவற்றைச் சேமித்து வைத்தனர். பொருளியல் நோக்கில், பெட்டியில் உறங்கும் ஒவ்வொரு நாணயமும் குடிமகன் அரசுக்கு வட்டியின்றித் தந்த கடன்!

1964-க்குப் பின் அந்நாட்டில் விலைவாசி ஏறத்தாழ பத்து மடங்கு உயர்ந்துவிட்டது. அன்று 25 சென்டுக்குக் கிடைத்த பொருளை வாங்க இன்று இரண்டரை டாலர் வேண்டும். வெள்ளி இருந்தவரை, நாணயத்தின் மதிப்பை அரசு விருப்பம்போல் குறைப்பதற்கு உலோகம் ஓரளவு தடையாக நின்றது. அது போனபின் எஞ்சியிருக்கும் ஒரே காவல், அரசின் நிதி ஒழுக்கம்.

ஒரு சென்ட் நாணயம் மறைந்ததற்குச் செம்பையும் துத்தநாகத்தையும் மட்டும் குறை கூறிப் பயனில்லை. அதன் வாங்கும் சக்தியைப் பணவீக்கம் பல பத்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகக் கரைத்தது. ஐந்து சென்ட் நாணயத்துக்கும் இன்று 13 சென்டுக்கு மேல் செலவாகிறது. கால் டாலருக்கு எஞ்சியிருப்பது சுமார் பத்து சென்ட் இடைவெளி. அதனைக் காப்பது நாணயச்சாலையின் இயந்திரங்கள் அல்ல. விலைவாசியைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய அரசும் மத்திய வங்கியுமே.