ஹைவே ஓரத்துல நிலம் இருக்கா? கடை கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

போன வாரம் போட்ட வாடகை வருமானம் வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்த கேள்விதான் இந்தப் பதிவு. கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவுல, என்.ஹெச். 44-ஐ ஒட்டி அவங்க அப்பாவுக்கு 60 சென்ட் நிலம் இருக்கு. ஒரு ஓட்டல் பார்ட்டி வந்து, "கட்டடம் நீங்க கட்டிக் கொடுங்க, மாசம் ஒரு லட்சம் வாடகை தர்றோம்"னு சொல்லியிருக்காங்க. "70 லட்சம் லோன் எடுக்கலாமா அண்ணா? அப்பா வேண்டாம்கிறார், எனக்கு விட மனசில்லை"ன்னு கேட்டிருக்கார்.

ஸ்ரீநகர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் போற ரோடு. ராத்திரி பகலா லாரியும் பஸ்ஸும் ஓடுது. ஆசை வர்றது நியாயம்தான். ஆனா ரோட்டுல வண்டி ஓடுறது வேற, அந்த வண்டி நம்ம வாசல்ல திரும்புறது வேற. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. நிலம் உங்களோடது, ரோட்டுக்குப் போற வழி உங்களோடதா?

நம்மில் பலருக்கும் தெரியாத விஷயம் இது. தேசிய நெடுஞ்சாலை நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2002-ன் 28-ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அனுமதி இல்லாம யாருக்கும் ஹைவேக்குள்ள வண்டியில நுழையற உரிமை கிடையாது. அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ கூட்டமா நடந்து போறதுக்கும் இதே விதிதான். நிலம் ரோட்டை ஒட்டி இருக்குங்கிறதால மட்டும் வாசல் வெச்சுட முடியாது.

பெட்ரோல் பங்க், ஓட்டல், கல்யாண மண்டபம், குடோன், எதுவா இருந்தாலும் நெடுஞ்சாலைத் துறையோட அணுகு வழி அனுமதி வேணும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூன்ல இதுக்குத் திருத்தின வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. வண்டி வேகம் குறைச்சு உள்ளே வர ஒரு தனி லேன், வெளியே போய் வேகம் எடுக்க ஒரு தனி லேன், மழைத்தண்ணி போக வடிகால், எல்லாம் வரைபடத்தோட காட்டணும். செலவும் அனுமதி வாங்குறவரோடதுதான். பக்கத்துல ஜங்ஷன், டோல்கேட், இன்னொரு பங்க் இருந்தா எவ்வளவு தூரம் தள்ளி இருக்கணும்னும் விதி இருக்கு. அந்த தூரம் இடிச்சா நிலம் எவ்வளவு நல்லா இருந்தாலும் பங்க் வராது.

சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்துல வாசல் அந்த ரோட்டுக்குத்தான். அப்போ மெயின் ரோட்டுல போற வண்டி எந்த இடத்துல சர்வீஸ் ரோட்டுக்கு இறங்குதுன்னு பாருங்க. உங்க நிலத்தைத் தாண்டித்தான் இறங்க முடியும்னா, உங்க போர்டைப் படிச்சுட்டு கடந்து போயிடுவாங்க.

இன்னொரு எச்சரிக்கை. சென்னை–பெங்களூரு எக்ஸ்பிரஸ்வே மாதிரி புதுச் சாலைகள் அணுகல் கட்டுப்பாடு உள்ளவை. இன்டர்சேஞ்ச் இருக்கிற இடத்துல மட்டும்தான் ஏறவும் இறங்கவும் முடியும். "எக்ஸ்பிரஸ்வே ஃபேசிங் பிளாட்"னு விளம்பரம் வந்தா, ஃபேசிங்னா பார்க்கலாம், போக முடியாதுன்னு புரிஞ்சுக்கோங்க!

2. 60 சென்ட்ல எவ்வளவு கட்ட முடியும்?

நெடுஞ்சாலை ஓரக் கட்டடங்களுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸோட பரிந்துரை இது. ஊருக்கு வெளியே சமவெளிப் பகுதியில, சாலையோட மையக்கோட்டுல இருந்து 40 மீட்டர் வரைக்கும் கட்டடம் கூடாது. 40-க்கும் 75 மீட்டருக்கும் நடுவுல கட்டணும்னா கட்டுப்பாடு உண்டு, நெடுஞ்சாலைத் துறையோட தடையின்மைச் சான்று கேட்பாங்க.

ரோட்டுக்காக எடுத்த இடம் மொத்தம் 60 மீட்டர் அகலம்னு வெச்சுக்குவோம். மையக்கோட்டுல இருந்து 30 மீட்டர்ல உங்க எல்லை ஆரம்பம். அதுக்கு மேல இன்னும் 10 மீட்டர், அதாவது 33 அடி, விட்டுட்டுத்தான் கட்டணும். முகப்பு 130 அடின்னா 4,290 சதுர அடி, கிட்டத்தட்ட 10 சென்ட் அதுலயே போயிடும். பார்க்கிங்குக்கு ஆகும், ஆனா கட்டடக் கணக்குல சேர்க்காதீங்க.

பேப்பரைப் பார்க்கும்போது பட்டா, வில்லங்கச் சான்றோட நிறுத்திடாதீங்க. புலப்பட வரைபடமும் அ-பதிவேடும் எடுங்க. நாலு வழிச்சாலைக்கு நிலம் எடுத்தப்போ உட்பிரிவு ஆகியிருக்கும். உங்க நிலத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு துண்டு புறம்போக்கோ வாய்க்காலோ வேறொருத்தர் பட்டாவோ இருந்தா, நீங்க ஹைவே ஓரத்துல இல்லை, ஹைவேக்குப் பக்கத்துல இருக்கீங்க. விலையே வேற! விவசாய நிலம்னா நில உபயோக மாற்றம், அப்புறம் 2019 கட்டட விதிகள் படி திட்ட அனுமதி, இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் கடக்கால் தோண்டணும்.

3. இப்போ கணக்குக்கு வருவோம்

இது புரியறதுக்காகப் போட்ட உதாரணக் கணக்கு. உங்க ஊர் ரேட்டைப் போட்டு மாத்திக்கோங்க.

வழி ஒண்ணு: நாமே கட்டிக் கொடுக்கிறது. 5,000 சதுர அடி, சதுர அடிக்கு ₹2,000, மொத்தம் 1 கோடி. கையில இருந்து 30 லட்சம், லோன் 70 லட்சம், வட்டி 10.5%, 12 வருஷம். இ.எம்.ஐ. சுமார் ₹85,700. வாடகை ₹1,00,000. மாசம் மிஞ்சுறது ₹14,300, வருஷத்துக்கு சுமார் 1.72 லட்சம். அந்த 30 லட்சத்தை 7% வட்டிக்கு டெபாசிட்டுல போட்டிருந்தா 2.1 லட்சம் வந்திருக்கும்!

வழி ரெண்டு: காலி நிலத்தைக் குத்தகைக்கு விடுறது. கட்டடம் அவங்க செலவு. வாடகை மாசம் ₹35,000-ன்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 4.2 லட்சம். லோன் கிடையாது.

ரெண்டுக்கும் 3 வருஷத்துக்கு ஒருமுறை 15% வாடகை ஏறுதுன்னு எடுத்துக்கிட்டா, 12 வருஷத்துல:

கட்டிக் கொடுத்தா: மொத்த வாடகை சுமார் 179.8 லட்சம். இ.எம்.ஐ. 123.4 லட்சம், கைக்காசு 30 லட்சம் போக மிச்சம் சுமார் 26.4 லட்சம். கூடவே 12 வருஷப் பழைய கட்டடம்.

நிலம் மட்டும் விட்டா: சுமார் 62.9 லட்சம். கட்டடம் இல்லை, கடனும் இல்லை.

நியாயமா சொல்லணும்னா, லோன் முடிஞ்ச பிறகு முதல் வழிதான் ஓடும். 13-ஆவது வருஷத்துல ஒண்ணுல மாசம் 1.75 லட்சம், இன்னொண்ணுல 61,000. 15-ஆவது வருஷம் முடியும்போது முதல் வழி முந்திடும். வரியும் பராமரிப்பும் சேர்த்தா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். ஆக, கேள்வி இதுதான்: 15 வருஷம் ஒரு நாள்கூட காலியா இல்லாம வாடகை வருமா?

ஆறு மாசம் காலியா கிடந்தா, உங்க பையில இருந்து போறது 5.14 லட்சம். ஓட்டலுக்குன்னே கட்டின கட்டடத்துக்கு வேற ஆள் சீக்கிரம் கிடைக்க மாட்டாங்க.

4. ரோடு மாறும், அதான் பெரிய ரிஸ்க்

சென்னை–திருச்சி ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும், எத்தனை "கும்பகோணம் டிகிரி காபி" போர்டு! ஒரு கடை ஜெயிச்சா அதே கி.மீ.ல இன்னும் நாலு வருது. போட்டி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விபத்து அதிகம் நடக்கிற இடம்னு சொல்லி சென்டர் மீடியன்ல இருக்கிற திறப்பை அடைச்சா, எதிர்ப்பக்க வண்டி மொத்தமும் போச்சு. மேம்பாலம் வந்தா கடை பாலத்துக்குக் கீழே. பைபாஸ் வந்தா பழைய ரோட்டுக் கடைகள் நிலைமை என்னன்னு உங்க ஊர்லயே பார்த்திருப்பீங்க.

அகலப்படுத்த நிலம் எடுக்கலாம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 1956 படி 3ஏ அறிவிப்பு வந்ததும் 21 நாளுக்குள்ள ஆட்சேபணை கொடுக்கணும். 3டி அறிவிப்பு வந்துட்டா நிலம் அரசுக்குப் போயிடும். இழப்பீடு கிடைக்கும், ஆனா அனுமதி இல்லாம கட்டினதுக்கு இழப்பீடு வாங்குறது பெரிய போராட்டம்.

5. வரியும் ஒப்பந்தமும்

கட்டட வாடகைக்கு வருமான வரியில 30% நிலையான கழிவு உண்டு, லோன் வட்டியையும் கழிக்கலாம். வெறும் காலி நிலத்து வாடகைக்கு அந்த 30% கிடையாது, அது இதர வருமானம்.

வருஷ வாடகை 20 லட்சத்துக்குள்ள இருந்து, வேற வியாபாரமும் இல்லைன்னா உங்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆனா 2024 அக்டோபர் 10-ல இருந்து, பதிவு இல்லாத உரிமையாளர்கிட்ட கடை எடுக்கிற பதிவு பெற்ற வாடகைதாரர் 18% வரியை அவரே கட்டணும். காம்போசிஷன் திட்டத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும் பிறகு விலக்கு கொடுத்தாங்க. 5% ஜி.எஸ்.டி. போடுற ஓட்டலுக்கு அந்த 18% திரும்பக் கிடைக்காது. அதனால "ஒரு லட்சம், வரி உட்பட"ன்னு பேச்சு வரும். உஷாரா இருங்க. "வாடகை தனி, வரி தனி"ன்னு எழுத்துல இருக்கணும்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்க. அதுல கண்டிப்பா இருக்க வேண்டியவை:

• குறைந்தபட்சம் எத்தனை வருஷம் காலி பண்ணக் கூடாது, பண்ணினா எவ்வளவு தரணும்
• அட்வான்ஸ் எத்தனை மாசம். லோன் இருந்தா 10 மாசத்துக்குக் குறையாம கேளுங்க
• அணுகு வழி அனுமதி யார் பொறுப்பு, யார் செலவு
• அனுமதி வராட்டியோ அரசு நிலம் எடுத்தாலோ என்ன ஆகும்
• குத்தகை முடிஞ்சா அவங்க கட்டின கட்டடம் யாருக்கு

பெட்ரோல் பங்க் தர்றோம்னு போன் பண்ணி முன்பணம் கேட்கிறவங்களை நம்பாதீங்க. எண்ணெய் நிறுவனங்கள் விளம்பரம் கொடுத்து, அவங்களோட அதிகாரப்பூர்வ தளம் வழியாத்தான் விண்ணப்பம் வாங்குறாங்க.

6. அப்பா ஏன் வேண்டாம்கிறார்?

தம்பி, இதை யோசிங்க. விவசாய நிலமா இருக்கிற வரைக்கும் சர்ஃபேசி சட்டத்துல பேங்க் அதை நேரா ஏலம் விட முடியாது. வணிக நிலமா மாத்தி அடமானம் வெச்சா அந்தப் பாதுகாப்பு போயிடும். 90 நாள் தவணை நின்னா கணக்கு வாராக்கடன். அப்புறம் நோட்டீஸ், ஏலம்னு போகும். நீங்க பந்தயம் கட்டுறது அந்த 30 லட்சத்தை மட்டும் இல்லை, அப்பாவோட 60 சென்ட்டையும்தான். பூர்வீகச் சொத்துன்னா அக்கா தங்கச்சிக்கும் பங்கு உண்டு. அவங்க சம்மதம் இல்லாம பேங்க்கோ வாடகைதாரரோ கையெழுத்துப் போட மாட்டாங்க.

என் கருத்து: முதல்ல அணுகு வழி அனுமதி கிடைக்குமான்னு தெரிஞ்சுக்கோங்க. அது கைக்கு வர்ற வரைக்கும் ஒரு செங்கல்கூட வாங்காதீங்க. அந்த ஓட்டல் பார்ட்டிகிட்ட, "நிலத்தைத் தர்றோம், கட்டடம் நீங்க போடுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. வியாபாரம் ஓடும்னு அவங்களுக்கு நம்பிக்கை இருந்தா அவங்க காசைப் போடுவாங்க. போட மாட்டோம்னா, அந்த ரிஸ்க்கை உங்க தலையில கட்டப் பார்க்கிறாங்கன்னு அர்த்தம்.

உங்க நிலத்துக்கான கணக்கைக் கமென்ட்ல போடுங்க, அடுத்த வீடியோல சேர்ந்து பார்ப்போம். கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்டயும் ஆடிட்டர்கிட்டயும் காட்டிடுங்க.