வர்ணத்திற்கேற்ற நாசில்

ஓமப்பொடிக்கும் தேன்குழலுக்கும் ஒரே அச்சினை இடும் இல்லத்தரசி உண்டோ? வர்ணம் தெளிக்கும் ஸ்பிரே கன்னுக்கும் இந்நியாயமே பொருந்தும்.

திருப்பதியில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்த்து வர்ணம் பூசும் பெரிய பணிமனை உண்டு; சித்தூரிலோ சிறு பட்டறைகள் பல. இத்தொழிலை நாடும் நம் இளைஞர்க்காக இதனை எழுதுகின்றோம்.

நாமறிந்த பிள்ளையொருவன், பிரைமர் அடித்த நாசிலாலேயே கார்க் கதவிற்கு மேல்வர்ணமும் அடித்தான். வர்ணம் வழிந்தது, இரண்டு நாள் கூலி போயிற்று.

வர்ணம் கெட்டியாயின் துளை பெரிதாதல் வேண்டும். நீர்த்ததாயின் சிறிதாதல் வேண்டும். மேலே கிண்ணமுடைய கன்னில், மேல்வர்ணத்திற்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர், பிரைமருக்கு 1.6 முதல் 1.8 வரை என்பது பொதுவழக்கு. ஆயினும் வர்ணக் கம்பெனியார் குறித்த அளவே முடிவு. சிறு துளையில் கெட்டி வர்ணத்தைச் செலுத்துவதற்காகத் தின்னரை மிகுதியாய்க் கலத்தல் தவறு, பூச்சு மெலிந்துவிடும்.

நாசிலை மாற்றுங்கால் நீடிலையும் அதற்கிணையாய் மாற்றுக. இன்றேல் துளை சரிவர அடைபடாது ஒழுகும். ஏர் கேப்பும் அந்நாசிலுக்குரியதா எனக் காண்க. பின்னர்ப் பழைய காகிதமொன்றில் தெளித்துப் பார்த்தல் வேண்டும். தடம் நீள்வட்டமாய், எங்கும் ஒரே சீராய் விழுமாயின் வேலையைத் தொடங்கலாம். முகமூடி அணிய மறவற்க.

காகிதத்தில் கண்ட பிழைக்குக் கூலி பிடிப்பார் எவருமிலர்.