புயலைத் தேக்கிய ஊர்

கார்த்திகை அடைமழையில் காஞ்சிபுரத்து நெசவாளர் முதலில் எட்டிப் பார்ப்பது குழித்தறியின் பள்ளத்தைத்தான். கால் வைத்து மிதிக்கும் அந்தக் குழியில் ஊற்றெடுத்துவிட்டால் தறி நின்றது. அங்கே நிற்கும் ஒரு சாண் தண்ணீர் வங்கக்கடலிலிருந்து கிளம்பி வந்த தண்ணீர்!

கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் புயலுக்கு அடுப்பு தயார். நம் வீட்டு அடுப்பையே பாருங்கள். ஒரு பானைத் தண்ணீர் கொதிநிலைக்கு வரச் செலவாகும் வெப்பத்தைப்போல் சுமார் ஏழு மடங்கு, அது முழுக்க ஆவியாகத் தேவை. அத்தனை சூடும் ஆவிக்குள் பதுங்கிக்கொள்கிறது. இதற்குப் பெயர் உள்ளுறை வெப்பம்.

ஆவி மேலேறி மேகத்துளியாக மாறும்போது பதுங்கிய சூடு வெளிப்படுகிறது. அதனால் காற்று இன்னும் வேகமாக எழும்புகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. நாலாபுறமிருந்தும் காற்று பாய்ந்து வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வர முடியாமல், நம் பக்கத்தில் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது.

கப்பல்களின் குறிப்பேடுகளை ஒப்பிட்டு இந்தச் சுழற்சியை ஆராய்ந்தவர் கொல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். பாம்புச் சுருளை நினைத்து 1840-களில் அவர் வைத்த பெயர்தான் 'சைக்ளோன்'. 1864-இல் கொல்கத்தாவைச் சிதைத்த புயலும், பின்னர் பொய்த்த பருவமழையும் 1875-இல் இந்திய வானிலைத் துறை பிறக்கக் காரணமாயின. ஆனாலும் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ஒரே இரவில் கடல் கொண்டது.

கரையேறிய புயலுக்கு எரிபொருள் தீர்ந்துவிடும். காற்று தளரும், மழை மட்டும் உள்நாட்டுக்குள் நடக்கும். 2020 நவம்பரில் மரக்காணம் அருகே கரைகடந்த நிவர் அப்படித்தான் உள்மாவட்டங்களை நனைத்தது. 10 செ.மீ. மழை என்றால் ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரிகள் 33 வந்து கொட்டிய கணக்கு!

இந்த வரவை வீணாக்காத சூத்திரம், கடலிலிருந்து 60 கி.மீ.க்கு அப்பால், காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் 7-ஆம் நூற்றாண்டிலேயே செப்பேடு ஏறியது. பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு வெட்டிய பெரும்பிடுகு என்ற கால்வாயையும் சொல்கிறது. இந்த வட்டார ஏரிகள் சங்கிலிபோல் கோத்தவை. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியே மிச்சத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும்.

பிடுகு என்றால் இடி. தை மாதம் நவரை நெல்லுக்கு மதகு திறக்கும்போது, சத்தமில்லாமல் வாய்க்காலில் ஓடுவது கார்த்திகையில் இடித்த அதே புயல்தான்.