மிதந்துவிடலாம், மூச்சுதான் சிக்கல்

அறிவியல் செய்முறைகளில் ஒரு கண்ணாடித் தொட்டியைக் காட்டுவார்கள். உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் அலுமினியத் தாளில் மடித்த படகு அந்தரத்தில் மிதக்கும். தொட்டியில் இருப்பது சல்பர் ஹெக்சாபுளோரைடு என்ற கனமான வாயு. அதையே ஒரு குவளையில் மொண்டு படகில் ஊற்றினால் படகு மூழ்கிவிடும். அப்படியொரு வாயுவில் மனிதன் மிதக்க முடியுமா? மிதந்தபடியே அதைச் சுவாசிக்கவும் முடியுமா?

ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம். இந்த வாயு 6 கிராம். நம் உடம்போ லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. 60 கிலோ ஆள் தொட்டிக்குள் தராசில் நின்றால் சுமார் 300 கிராம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான்.

சுவாசிக்கலாமா என்றால், ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் கலந்தால் கொஞ்ச நேரம் முடியும், குரல் தடித்துப்போகும். ஆனால் அந்தக் கலவையே லிட்டருக்கு 5 கிராம் வந்துவிடுகிறது. கடலில் மூழ்குபவர்கள் சுவாசிக்கும் வாயு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2-ஐத் தாண்டவே கூடாது என்பது இன்றைய பரிந்துரை. கனமான வாயு மூச்சுக்குழாய்களில் சுழித்துச் சுழித்துத்தான் நகரும். எவ்வளவு முக்கினாலும் வெளிமூச்சின் வேகம் ஓர் அளவுக்கு மேல் அதிகரிக்காது. கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் தேங்கும். தலை வலிக்கும், பிறகு நினைவு தப்பும். நுரையீரல் 6 கிராமிலேயே திணறுகிறது. மிதக்க 1,000 கிராம் வேண்டும்.

அந்த 1,000-ஐ எட்டும் வாயுவும் இருக்கிறது. செனானை 17 டிகிரி வெப்பத்தில் 60 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு நெருக்கினால், வாயுவும் இல்லாத திரவமும் இல்லாத ஒரு நிலையில், தண்ணீரைவிட அடர்த்தியாகிவிடும். அதில் மனிதன் மிதப்பான். ஆனால் அவனுக்கு அது தெரியாது. சாதாரண அழுத்தத்திலேயே அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்தாகப் பயன்படுவது செனான்.

வாயுவை விட்டுத் திரவத்துக்குப் போன ஆராய்ச்சியாளர்கள் லேலண்ட் கிளார்க், ஃபிராங்க் கோலன் இருவரும். 1966-இல் ஆக்சிஜன் கரைந்த புளோரோகார்பன் திரவத்துக்குள் எலிகளை முழுக வைத்தார்கள். அவை அதையே சுவாசித்து உயிரோடு இருந்தன. எனக்கு இன்றும் வியப்பு தரும் பரிசோதனை இது. இவ்வகைத் திரவம் லிட்டருக்கு 1.8 கிலோ இருக்கும். மனிதன் அதில் கட்டைபோல மிதப்பான். ஆக்சிஜனும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற, சும்மா படுத்திருந்தாலும் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் உள்ளே போய் வெளியே வர வேண்டும். அதாவது 9 கிலோ. விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தசைகள் அதை எத்தனை நிமிடம் தள்ளும்?

1989-இல் ஃபிலடெல்ஃபியாவில், பிழைக்க வழியில்லாத குறைமாதக் குழந்தைகளுக்கு இதே வகைத் திரவத்தை நுரையீரலில் நிரப்பிப் பார்த்தார்கள். திரவத்தை உள்ளே விட்டதும் வடித்ததும் குழந்தைகளின் தசைகள் அல்ல, புவியீர்ப்பு. நுரையீரலின் இறுக்கம் தளர்ந்தது. குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை.