மூளைக்குள் ஒரு பிரேக்!

குட்டீஸ், ஒரு விளையாட்டு விளையாடலாமா? நீல நிற ஸ்கெட்ச் பேனாவால் 'சிவப்பு' என்று எழுதுங்கள். பச்சை நிறத்தில் 'மஞ்சள்' என்றும், சிவப்பு நிறத்தில் 'நீலம்' என்றும் எழுதுங்கள். இப்போது சொல்லைப் படிக்காமல், அதன் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லுங்கள், பார்க்கலாம்!

நாக்கு தடுமாறுகிறதா? எல்லோருக்கும் அப்படித்தான். 1935ல் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் இதை ஆராய்ந்து எழுதினார். படித்துப் படித்துப் பழகிவிட்டதால், எழுத்தைக் கண்டதும் வாய் படிக்கத் துடிக்கிறது. "பொறு, நிறத்தைச் சொல்" என்று அதைத் தடுக்க வேண்டும். இந்தத் தடுக்கும் வேலையில் முக்கியப் பங்கு, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைக்கு உண்டு.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வேலை செய்யும்போது மூளையின் எந்தப் பகுதி சுறுசுறுப்பாகிறது என்று ஸ்கேன் காட்டும். ஆனால், அந்தப் பகுதி இல்லாமல் வேலை நடக்குமா என்பதை அது சொல்லாது. வீட்டில் எந்த ஃபியூஸ் எந்த விளக்குக்கு என்று அறிய, எலக்ட்ரீஷியன் ஒன்றைக் கழற்றிப் பார்ப்பார் அல்லவா? அதுபோல, மூளையின் ஒரு பகுதியைச் சிறிது நேரம் மந்தமாக்கிப் பார்க்க வேண்டும்.

அதற்கு உதவுவது காந்தம்! காந்தப்புலம் மாறினால் மின்சாரம் உண்டாகும் என்று 1831ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். இதே விதியைக் கொண்டு, 1985ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் மூளையைத் தூண்டிக் காட்டினர். தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளைப் பிடிப்பார்கள். 'டக், டக்' என்று சத்தம் கேட்கும். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை!

2006ல் கிறிஸ்டோபர் சேம்பர்ஸ் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டனர். அடையாளம் தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். 'நிறுத்து' என்று வந்தால் கையை நிறுத்த வேண்டும். வலப்பக்க முன்மூளையின் கீழ்ப்பகுதியைக் காந்தத்தால் மந்தமாக்கியதும், நிறுத்தும் திறன் குறைந்தது! பிரேக்குக்கு அந்த இடம் தேவை என்பது புரிந்தது.

இன்னொரு செய்தி. முன்மூளை முழு வளர்ச்சி பெற இருபது வயதுக்கு மேல் ஆகும். எனவே, அவசரப்பட்டுப் பேசிவிட்டால், 'நான் இப்படித்தான்' என்று சோர்ந்துவிடாதீர்கள். உங்கள் பிரேக் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது!

எச்சரிக்கை: இது நிபுணர்கள் மட்டுமே செய்யும் சோதனை. வீட்டில் காந்தத்தையோ மின்கம்பியையோ தலையருகே கொண்டுபோகக் கூடாது. நிற விளையாட்டை மட்டும் தாத்தா, பாட்டியோடு விளையாடிப் பாருங்கள்!