அந்த இசைத்தட்டின் கதை

ரயில்வேயில் இருந்த நாளில் அலிபிரியிலிருந்து பலமுறை மலையேறியிருக்கிறேன். சுமார் 3,550 படிகள். மூச்சு வாங்கி உட்காரும்போது ஏதாவதொரு கடையில் எம்.எஸ். சுப்ரபாதம் பாடிக்கொண்டிருப்பார். ஊரைவிட்டு வந்த நம்மில் பலர் அந்தக் குரலையும் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தோம்.

1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட அந்தத் தட்டில் கூடவே ஒலிப்பது ராதா விஸ்வநாதனின் குரல். அதன் ராயல்டியை எம்.எஸ். தமக்கென வைத்துக்கொள்ளாமல் தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குக் கொடுத்துவிட்டார்.

பிற்பாடு அவருக்கே பணமுடை. கல்கி தோட்டத்து வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குக் குடிபோனார்கள். உதவ முன்வந்தது அதே தேவஸ்தானம். அப்போதைய நிர்வாக அதிகாரி பி.வி.ஆர்.கே. பிரசாத் இனாமாக எதுவும் நீட்டவில்லை, பாடித்தரும்படி கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 'பாலாஜி பஞ்சரத்ன மாலா', ஐந்து இசைத்தட்டுகள். திருமலைக் கோயிலில் செப்பேடுகளாகப் பல நூற்றாண்டு கிடந்த அன்னமாசார்யர் கீர்த்தனைகள் பலவற்றை அதற்காகப் புதிதாகப் பாடம் பண்ணினார் எம்.எஸ். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். (அந்த வயதில் எனக்கு வீட்டு டெலிபோன் நம்பரே மறந்துபோகிறது!)

2004-இல் அவர் மறைந்தார். 2006-இல் திருப்பதி ஊருக்குள் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அடுத்தமுறை போகும்போது, அலிபிரிக்கு வண்டி பிடிக்குமுன் அதையும் ஒருநடை பார்த்துவிட்டுப் போங்கள்.