செம்புத் தகடும் எலுமிச்சைச் சாறும்

1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போருக்காக பிரிட்டிஷ் கடற்படை 1,84,899 பேரைத் திரட்டியது. போர் முடிந்தபின் வெளியான கணக்கில் சண்டையில் மாண்டவர்கள் 1,512 பேர். நோயில் செத்தவர்களும் தப்பி ஓடியவர்களும் சேர்ந்து 1,33,708 பேர். இந்த இரண்டாவது எண்ணில் செத்தவர் எத்தனை, ஓடியவர் எத்தனை என்று அந்தக் கணக்கு பிரித்துக் காட்டவில்லை. ஓடியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களில் பலர் துறைமுகத் தெருக்களில் ஆள்பிடிக்கும் கும்பலிடம் சிக்கிக் கப்பலேற்றப்பட்டவர்கள். உள்ளே என்ன காத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து வந்த பெரும்போர் அதைவிட நீளமானது. 1793-இல் பிரான்ஸுடன் மூண்ட போர், நடுவில் ஓராண்டு அமைதியைத் தவிர, 1815 வரை ஓயவில்லை. அதில் உயிரிழந்த பிரிட்டிஷ் கடற்படையினர் 90,000-க்கும் மேல் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. எதிரியின் கையால் மாண்டவர்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதிப் பேரை நோயும் விபத்தும் புயலும் தீயும் கொண்டுபோயின.

இந்தப் போரில் சண்டை நடந்த நாட்கள் மிகச் சில. காத்திருந்த நாட்களே அதிகம். பிரஸ்ட், தூலோன் ஆகிய பிரெஞ்சுத் துறைமுகங்களிலிருந்து எதிரிக் கப்பல்கள் வெளியே வராதபடி வாசலிலேயே காவல் நிற்பதுதான் பிரிட்டனின் உத்தி. டிரஃபால்கர் சண்டை 1805 அக்டோபர் 21 அன்று ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய காத்திருப்பில் தளபதி நெல்சன் 1803 ஜூன் 16-க்குப் பிறகு கரையில் கால் வைத்தது 1805 ஜூலை 20 அன்று, ஜிப்ரால்டரில். அவருடைய சகாவான காலிங்வுட் 1803-இல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினார்; வீடு திரும்பாமலே 1810 மார்ச்சில் கடலில் இறந்தார். தளபதிகளுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத மாலுமிகளைச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவு காலம் கடலில் நிற்கும் வல்லமை கப்பல்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது. மரக் கப்பலின் அடிப்பகுதியைக் கப்பல்புழு துளைக்கும். பாசியும் கொட்டலசும் அப்பி அதன் வேகத்தைக் குறைக்கும். இதைத் தடுக்க 1761-இல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தார்கள். செம்பிலிருந்து கசியும் அயனிகள் புழுவையும் பாசியையும் அண்டவிடவில்லை. ஆனால் செம்பும் இரும்பும் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அது ஒரு மின்கலம். இரும்பு கரையத் தொடங்கும். தகட்டோடு உரசிய இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. செம்புக் கலவையில் உறுதியான ஆணிகள் செய்யக் கற்றபிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது. 1780-களில் கடற்படை முழுவதும் செம்பு போர்த்தியது. இனிக் கப்பல் தாங்கும். உள்ளே இருப்பவன் தாங்குவானா என்பதே கேள்வி.

நெல்சனின் ‘விக்டரி’ கப்பலில் பீரங்கித் தளத்தின் நீளம் 57 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் சுமார் 820 பேர். பீரங்கிகளுக்கு மேலே உத்தரங்களில் கான்வாஸ் தூளி கட்டித் தூங்குவார்கள். ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். பாதிப் பேர் மேலே காவல் வேலையில் இருக்கும்போது பக்கத்துத் தூளி காலியாகி, இருப்பவர்க்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். காவல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும் என்பதால் ஒரே மூச்சில் முழு இரவுத் தூக்கம் பலருக்கு அரிது. கூரையோ தாழ்வு. கடற்படையில் மனநோய் பொதுமக்களிடம் இருப்பதைவிட ஏழு மடங்கு அதிகம் என்று கணக்கிட்ட மருத்துவர் கில்பர்ட் பிளேன், மாலுமிகள், அதிலும் குடித்திருக்கும்போது, உத்தரங்களில் தலையை மோதிக்கொள்வதை அதற்கு முக்கியக் காரணமாகச் சொன்னார். அந்த விளக்கம் முழுமையானது என்று எனக்குத் தோன்றவில்லை. தூக்கமும் கரையும் இல்லாத ஆண்டுகளையும் அவர் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

சாப்பாடு குறைவாக இருக்கவில்லை. நாளொன்றுக்கு ஒரு பவுண்டு கெட்டி பிஸ்கட், ஒரு காலன் பீர். வாரத்துக்கு நான்கு பவுண்டு உப்பிட்ட மாட்டிறைச்சி, இரண்டு பவுண்டு பன்றி இறைச்சி, பட்டாணி, ஓட்ஸ், வெண்ணெய், பாலாடைக்கட்டி. பிஸ்கட்டில் வண்டு இருக்கும், வெண்ணெய் சிக்கு நாறும், பீப்பாய்த் தண்ணீர் பச்சை பூத்திருக்கும் என்பதெல்லாம் உண்மைதான். பீர் கெட்டுப்போனால் நாளுக்கு அரை பைன்ட் ரம் தருவார்கள். 1740-இல் தளபதி வெர்னன் போட்ட உத்தரவிலிருந்து அதில் தண்ணீர் கலப்பது வழக்கமாயிற்று. ஆனாலும் கரையிலிருந்த ஏழைத் தொழிலாளியைவிட மாலுமிக்கு இறைச்சி அதிகம், கலோரியும் அதிகம். நிறையச் சாப்பிட்ட இந்த மனிதர்கள்தான் ஆறேழு வாரங்களில் ஈறு வீங்கி, கால்களில் கருநீலத் திட்டு படர்ந்து, எழ முடியாமல் கிடந்தார்கள். ஸ்கர்வி.

அந்த நீண்ட பட்டியலில் வைட்டமின் சி அநேகமாகச் சுழியம். உடலின் தோல், எலும்பு, இரத்தக்குழாய் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டுவது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு அது. இழைகள் பிரியாமல் நிற்க அவற்றிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தோடு ஹைட்ராக்சில் தொகுதி சேர வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதியின் மையத்தில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. அது துருப்பிடித்ததுபோல் செயலிழக்காமல் காப்பது வைட்டமின் சி. அது தீர்ந்தால் புதிய கயிறு திரிக்க முடியாது. பழைய கயிறோ நாள்தோறும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

ஆறிய தழும்பும் நிலையானதல்ல, இடைவிடாது புதுப்பிக்கப்படும் இடம் என்பதை ஸ்கர்வி கொடூரமாகக் காட்டியது. 1740-இல் ஆறு போர்க்கப்பல்களோடு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சன் உலகைச் சுற்றக் கிளம்பினார். அவருடைய ‘சென்சூரியன்’ கப்பலில் ஒரு முதிய வீரர் இருந்தார். 1690-இல் அயர்லாந்தின் பாய்ன் நதிச் சண்டையில் அவர் பட்ட காயம், ஐம்பது ஆண்டு கழித்து, ஆறவே இல்லை என்பதுபோல மீண்டும் திறந்துகொண்டதாகப் பயணக் குறிப்பு சொல்கிறது. பழைய எலும்பு முறிவும் ஒட்டிய இடத்திலேயே விட்டுப்போயிற்று. சுமார் 1,900 பேர் கிளம்பிய அந்தப் பயணத்தில் ஏறத்தாழ 1,400 பேர் இறந்தனர். எதிரியால் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கப்பலில் இருந்த ஆடும் பன்றியும் எலியும் இந்த நோயில் விழவில்லை. அவை தம் உடலிலேயே வைட்டமின் சி செய்துகொள்கின்றன. நம் முன்னோர் வழியில் அதற்குரிய மரபணு பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது. பழமும் இலையும் தின்ற குரங்கினத்துக்கு அது இழப்பாகவே தெரிந்திருக்காது.

ஈறு வீங்குவதற்கு வெகு முன்பே சோர்வு வந்துவிடும். கொழுப்பை எரித்து ஆற்றலாக்கத் துணைபுரியும் கார்னிட்டின் தயாரிப்புக்கும், மூளையில் நோர்அட்ரினலின் உருவாவதற்கும் வைட்டமின் சி வேண்டும். உடல் ஓய்வதோடு மனமும் உருகும். நோயாளிகள் பசுமையான வயல்களையும் தெளிந்த ஓடைகளையும் கனவு கண்டு, விழித்ததும் ஏமாற்றத்தில் துவண்டுபோனதைக் கடற்படை மருத்துவர் தாமஸ் ட்ராட்டர் எழுதிவைத்திருக்கிறார். இந்தச் சோர்வைத்தான் அதிகாரிகள் பலர் சோம்பல் என்றார்கள். சோம்பேறிக்கே ஸ்கர்வி வரும் என்று நம்பி, நிற்கவே முடியாதவனை வேலைக்கு விரட்டினார்கள். நோயின் முதல் அறிகுறியையே நோய்க்குக் காரணமாக்கிவிட்ட இந்தப் பிழைக்கு எத்தனை பேர் பலியானார்களோ!

மருந்து தெரியாமல் இல்லை. 1747 மே மாதம் ‘சாலிஸ்பரி’ கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் பன்னிரண்டு நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆப்பிள் மது, கந்தக அமிலக் கரைசல், வினிகர், கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்த்த கலவை, ஆரஞ்சும் எலுமிச்சையும் என்று ஆறு வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். பழம் தின்ற இருவர் ஒரு வாரத்துக்குள் தேறினார்கள். ஒப்பிட்டுச் சோதிக்கும் மருத்துவ ஆய்வுக்கு முன்னோடி என்று இது இன்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் 1753-இல் நூலாக வெளியிட்டபோது, பழம் கெடாமலிருக்கச் சாற்றைச் சூடாக்கிக் குழம்பாக வற்றவைக்கும்படி லிண்ட் பரிந்துரைத்தார். வைட்டமின் சி நெடுநேரச் சூட்டில் சிதைந்துவிடும். குழம்பு பலன் தராததால் பழத்தின் மீதான நம்பிக்கையும் தளர்ந்தது. 1780-இல் ஆங்கிலக் கால்வாய்க் கடற்படை பத்து வாரம் கடலில் சுற்றிவிட்டுச் சுமார் 2,400 ஸ்கர்வி நோயாளிகளோடு துறைமுகம் திரும்பியது. லிண்ட் தலைமை மருத்துவராக இருந்த ஹாஸ்லர் மருத்துவமனையிலேயே அந்த ஆண்டு சேர்க்கப்பட்ட ஸ்கர்வி நோயாளிகள் 1,457 பேர்.

திருப்பம் சென்னைக்கு வந்த ஒரு கப்பலில் நிகழ்ந்தது. 74 பீரங்கிகள் கொண்ட ‘சஃபோக்’, பீட்டர் ரெய்னியரின் தலைமையில் 1794 ஏப்ரல் 2 அன்று இங்கிலாந்திலிருந்து கிளம்பியது. வழியில் எங்கும் கரையைத் தொடவில்லை. பிளேனின் யோசனைப்படி, கொதிக்கவைக்காத எலுமிச்சைச் சாறு மூன்றில் இரண்டு பங்கு அவுன்ஸ், இரண்டு அவுன்ஸ் சர்க்கரையோடு, ஒவ்வொருவருடைய ரம்மிலும் தினமும் கலக்கப்பட்டது. 23 வாரமும் ஒரு நாளும் கழித்து, செப்டம்பர் 11 அன்று சென்னைக் கடலில் நங்கூரம் பாய்ச்சியது. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நிற்க, அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தவை நம் கரையோர மக்கள் ஓட்டிய மசூலாப் படகுகள். ஸ்கர்வியில் ஒருவரையும் அந்தக் கப்பல் இழக்கவில்லை. வழியில் சுமார் பதினைந்து பேரிடம் நோயின் தொடக்கம் தெரிந்தது. சாற்றின் அளவைக் கூட்டியதும் மறைந்தது.

அந்தப் பதினைந்து பேர் முக்கியமானவர்கள். மூன்றில் இரண்டு பங்கு அவுன்ஸ் என்பது 20 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. புதுச் சாறு என்றாலும் அதில் 8 முதல் 10 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். பீப்பாயில் கிடந்தால் இன்னும் குறையும். இரண்டாம் உலகப்போரின் இறுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் தாமாக முன்வந்து, உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் நடத்திய சோதனையில் மாதக்கணக்காக வைட்டமின் சி இல்லாத உணவை உண்டார்கள். ஸ்கர்வி வராமல் தடுக்க நாளுக்கு 10 மில்லிகிராம் போதும் என்று அவர்கள் உடல்கள் காட்டின. ஆக, சஃபோக்கின் அளவு சரியாக எல்லைக்கோட்டில் நின்றிருக்கிறது. சாறு இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் அந்தச் சோதனையும் தோல்விப் பட்டியலில் சேர்ந்து, மருந்து மறுபடியும் கைவிடப்பட்டிருக்கக்கூடும்.

1795-இல் நோயுற்றோர் நலக் குழுவில் பிளேன் இடம்பெற்றார். அதே ஆண்டு எலுமிச்சைச் சாற்றைக் கடற்படை அதிகாரபூர்வமாக ஏற்றது. 1814 வரை சுமார் 16 லட்சம் காலன் வழங்கப்பட்டது. சாற்றின் மேல் ஆலிவ் எண்ணெய் மிதக்கவிட்டுக் காற்று படாமல் காத்தார்கள். தூலோனுக்கு வெளியே காத்திருந்த நெல்சனின் படை சிசிலியிலிருந்து சாறு தருவித்தது. வெங்காயமும் உயிர் மாடுகளும்கூட வந்தன. காலிங்வுட்டின் ‘ஓஷன்’ கப்பல் சுமார் 800 பேரோடு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் துறைமுகம் காணாமல் நின்றபோதும் நோயாளிப் பட்டியல் ஆறு பேரைத் தாண்டவில்லை என்று பதிவாகியிருக்கிறது. அதற்குச் சாறு மட்டும் காரணமல்ல. தளங்களை உலர்வாக வைத்ததும், காற்றோட்டம் உண்டாக்கியதும், புதிதாக வருபவர்களைக் குளிப்பாட்டி, பேன் சுமந்த பழைய உடைகளைக் களைந்து டைஃபஸைத் தடுத்ததும் சேர்ந்த பலன் அது. ஹாஸ்லர் மருத்துவமனையில் 1806-இல் சேர்ந்த ஸ்கர்வி நோயாளி ஒருவர், 1807-இலும் ஒருவர்தான்.

பிறகு இந்த அறிவு கைநழுவிப்போனது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மத்தியதரைக்கடலின் பெரிய எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய, உருண்டையான லைம் பழத்துக்குக் கடற்படை மாறியது. அது நம் சந்தை எலுமிச்சையின் இனம். புளிப்பு அதிகம் என்பதால் மருந்தும் அதிகம் என்று எண்ணினார்கள். அதில் வைட்டமின் சி குறைவு. திறந்த தொட்டிகளில் தேக்கி, செம்புக் குழாய்களில் ஓட்டியதில் இருந்ததும் அழிந்தது. செம்பு அயனி பட்டால் வைட்டமின் சி மிக வேகமாக ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையும். கப்பலின் அடியைக் காத்த உலோகமே மாலுமியின் மருந்தைக் கெடுத்தது. நீராவிக் கப்பல் வந்து பயணங்கள் குறுகிவிட்டதால் இது யாருக்கும் தெரியவில்லை. 1875-இல் நேர்ஸ் தலைமையில் வடதுருவம் நோக்கிச் சென்ற கடற்படையினர் ஸ்கர்வியால் விழுந்தபோதுதான் தெரிந்தது. அப்போதும் பழி சாற்றின் மீது பொதுவாக விழுந்ததே தவிர, எந்தப் பழம் என்று யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர்கள் முதல் உலகப்போரின்போது லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் இருந்த பெண் விஞ்ஞானிகள். ஹேரியட் சிக்கும் அவருடைய தோழியரும் மனிதரைப்போலவே வைட்டமின் சி செய்ய இயலாத கினிப் பன்றிகளில் சோதித்து, லைம் சாற்றின் ஆற்றல் எலுமிச்சைச் சாற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்று நிறுவினார்கள். மெசபொட்டேமியாவில் இந்தியச் சிப்பாய்கள் ஸ்கர்வியில் வீழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பழம் கொண்டுபோக முடியாத பாலைக்கு அந்த விஞ்ஞானிகள் கண்ட வழி, சிப்பாய்களின் மூட்டையில் ஏற்கெனவே இருந்த உலர்ந்த பயறு. அதில் வைட்டமின் சி கிடையாது. ஒரு நாள் ஊறவைத்து இரண்டு நாள் முளைகட்டினால் அது உண்டாகிவிடுகிறது.